தேதியில் தொலைந்த பெயர்

தபாலும் தந்தியும் சேர்த்துப் பார்க்கும் வல்காராவின் தொலைபேசி இணைப்பகத்தில் எனிட் பாஸ்கோ இருபத்தாறு ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தாள். கோதுமை வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த நாற்பத்தொரு வீடுகளின் பேச்சும் அவள் கை வழியாகத்தான் போய் வந்தது. எந்த வீட்டில் பிரசவம், எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளோடு பேசுவதற்கென்று யாரும் கூப்பிட்டதில்லை.

வேலைக்குப் போகும் முன், விடியற்காலையில், கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று தொலைநோக்கியைக் கிழக்கு வானில் மெல்ல நகர்த்திக்கொண்டு போவாள். பதினோரு ஆண்டுகளாக அவள் தேடியது இதுவரை யாரும் காணாத ஒரு புதிய வால்நட்சத்திரம். முதலில் கண்டு தந்தி கொடுப்பவரின் பெயரைத்தான் அதற்கு வைப்பார்கள். மிஞ்சிப்போனால் முதல் மூன்று பேரின் பெயர். ஒரே தம்பி போரில் இறந்துவிட்டான். பாஸ்கோ என்ற பெயர் அவளோடு முடிகிறது. வானத்திலாவது அது இருக்கட்டும் என்று நினைத்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மார்ச் பத்தாம் தேதி நாலரை மணிக்கு, நட்சத்திரமே இருக்கக் கூடாத இடத்தில் பஞ்சுத் துணுக்குப் போல ஒன்று தெரிந்தது. வரைபடத்தில் அது இல்லை. வானம் வெளுப்பதற்குள் பக்கத்து நட்சத்திரத்தை விட்டு நூலளவு விலகியும் இருந்தது. தந்தியில் கிரீன்விச் நேரம்தான் எழுத வேண்டும். ஊர் நேரத்திலிருந்து ஒன்பதரை மணி நேரத்தைக் கழித்து, வானில் அதன் இடத்தைக் குறித்து, இணைப்பகம் திறந்ததும் தலைநகர வானாய்வகத்துக்கு முதல் தந்தியாக அனுப்பினாள்.

மறுநாளிலிருந்து புழுதிக்காற்று. நான்கு நாட்கள் வானமே தெரியவில்லை. பதில் தந்தி மட்டும் வந்தது. சொன்ன இடத்தில், சுற்றுவட்டாரத்தில், எதுவும் காணப்படவில்லை.

தந்தி விஷயம் அதற்குள் ஊரில் பரவியிருந்தது. தபால் வாங்க வந்த கோதுமை விவசாயி கிளாரி மேசையில் சாய்ந்துகொண்டான். "என்ன எனிட், வானத்துல மாப்பிள்ள கெடச்சானாமே? கெடச்சவன் அதுக்குள்ள ஓடிட்டானா?"

"உனக்குத் தபால் ஒண்ணும் இல்ல, கிளாரி."

"கோவிச்சுக்காத. கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு. கோழி றெக்கையா இருக்கும்."

ஆறாம் நாள் வானொலி சொன்னது. ஜப்பானில் ஒரு பள்ளி ஆசிரியரும் நியூசிலாந்தில் ஒரு பால் பண்ணைக்காரரும் புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டிருக்கிறார்கள். பெயர் குராமோச்சி–டான்ஸ்லி. வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்கு அது பிரகாசமாகும். எனிட் வானொலியை நிறுத்திவிட்டு, குளிர்ந்த ஆட்டுக்கறியை ரொட்டியில் வைத்தாள். சாப்பிட முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அடிலெய்டிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. யாருக்கு இணைக்க வேண்டும் என்று வழக்கம்போலக் கேட்டாள்.

"உங்களுக்குத்தான், மிஸ் பாஸ்கோ. நான் லயனல் ஸ்டேபிள்ஸ்." வானியல் சங்கத்துக்காக வால்நட்சத்திரங்களின் சுற்றுப்பாதைக் கணக்குப் போடுகிற முதியவர் அவர். கடிதத்தில் பழக்கம், குரல் புதிது. "அன்னிக்கு விடியக்காலம் நாலரை மணி. கிரீன்விச்ல அப்ப என்ன தேதி?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். நேரத்தைக் கழித்தவள் தேதியைக் கழிக்கவில்லை. அங்கே அப்போது ஒன்பதாம் தேதி மாலை ஏழு மணி.

"வானாய்வகத்துக்கு வந்த உங்க தந்தியப் பாத்தேன், பத்துன்னு இருக்கு. ஒரு நாள்ல அது ரொம்ப தூரம் ஓடுது. அதான் அவங்க தப்பான எடத்துல தேடியிருக்காங்க. தேதிய ஒண்ணு கொறச்சுப் பாத்தேன். அச்சா உக்காந்துது. அவங்க ரெண்டு பேருக்கும் நாலு நாள் முன்னாடி நீங்க பாத்திருக்கீங்க."

"பேரு?"

"எழுதிக் கேட்டேன். மாத்த மாட்டாங்களாம். அறிவிச்சது அறிவிச்சதுதான்." "ஆனா பாதைக் கணக்குல மொத வரி நீங்க அன்னிக்குப் பாத்ததுதான். அது இல்லன்னா நான் போட்ட பாதை கோணலாத்தான் போயிருக்கும்."

"திரும்பி எப்ப வரும்?"

"இன்னும் பல மாசம் அளந்தாத்தான் சரியாச் சொல்லலாம். பல ஆயிரம் வருஷம்னு வெச்சுக்குங்க."

"சரி. நன்றி, மிஸ்டர் ஸ்டேபிள்ஸ்." ஆறு நிமிடம் ஆகியிருந்தது. அவளுக்காக வந்த அழைப்புகளில் அதுதான் நீளமானது.

ஏப்ரலில் ஊரே அதிகாலையில் எழுந்து வயல் வேலியோரம் நின்றது. கீழ்வானத்தில் வால் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளையாக நிமிர்ந்து நின்றது. அன்று காலை இணைப்பகப் பலகையில் முதல் அழைப்பு விளக்கு கிளாரியின் வீட்டு எண்ணில் எரிந்தது.

"எனிட், என் பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு எழுதிட்டுப் போகணுமாம். அந்த வால்நட்சத்திரம் பேரு என்ன? வானொலியில சொன்னது வாயிலயே நுழையல."

எனிட் ஒலிவாங்கியை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

"பென்சில் எடுத்துக்கச் சொல்லு," என்றாள். பிறகு அந்த இரண்டு பெயர்களையும் எழுத்து எழுத்தாக, குழந்தை எழுதி முடிக்கும் வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.