டீசன்டான பையன்

பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றி விசாரிக்க, இளம்பிள்ளையிலிருந்து பெண்ணின் அப்பா என் வீட்டுக்கு வந்தார். சம்பந்தம் பேசும் முன் அக்கம்பக்கத்தில் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

“பையன் எப்படிங்க?” என்றார்.

அவன் குடித்துவிட்டு வந்து தன் அம்மாவை அடிக்கும் சத்தம் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். கூடிவரும் கல்யாணத்தைக் கெடுத்தவன் என்ற பேர் எனக்கெதற்கு? “டீசன்டான பையனுங்க” என்றேன். நல்லவன் என்று தமிழில் சொல்ல நாக்கு கூசியது. தேய்த்த சட்டை போடுவான், என் கேட்டை மறித்து வண்டி நிறுத்தமாட்டான். அந்த அளவுக்கு அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். பெரிய யோக்கியன்.

அவர் முகம் மலர்ந்து, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அடி வாங்குவது அவர் பெண். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.

நேற்று காலை வாசலில் பார்த்தபோது, வீங்கிய உதட்டைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு அவளாகவே பேசினாள்.

“அப்பா உங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாருங்க. பக்கத்து ஊட்டுக்காரரு ரொம்ப டீசன்டானவரு, நீ பயப்படாம இரு சாமின்னு.”