எடைக்கு மேல் ஒரு பிடி

இங்கே, நான் படிக்க வந்த நாட்டில், சுப்பர்மார்க்கெட்டில் காசாளர் இல்லாத இயந்திரம் ஒன்று இருக்கிறது. நாமே பொருளைக் காட்டி, நாமே பையில் போட வேண்டும். அதற்குத் தெரியாமல் ஒரு தேசிக்காய் கூடினாலும் கூச்சல் போடும். வந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் எனக்குத் திக்கென்கிறது. எங்கள் ஊர் மாம்புரியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த என் வாப்பா, தராசில் நிறுத்த பிறகும் ஒரு பிடி அள்ளிப் போடாமல் யாரையும் அனுப்பியதில்லை. யுத்தம் முடிந்து பாதை திறந்தபின் வடக்கிலிருந்து வந்த புதுமுகங்களுக்கும் அந்தப் பிடி கிடைத்தது.

நான் படிக்க வந்தது மின்வணிகமும் இணையக் கணினியியலும் என்ற முதுமாணிப் பட்டம். ஒரு வருடம், மூன்று கூறுகள். முதல் தவணையில் நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு. அடுத்ததில் இணையக் கடை நடத்தும் முறை, பணப் பரிமாற்றத்தின் பாதுகாப்பு, நாமே தெரிந்தெடுக்கும் ஒரு பாடம். இரண்டிலும் தேறினால்தான் கோடையில் செயற்றிட்டம். சொந்தமாக ஒன்றை உருவாக்கி, ஆய்வேடு எழுதி, விரிவுரையாளர் முன் இயக்கிக் காட்ட வேண்டும். இதையெல்லாம் தொலைபேசியில் வாப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"அப்ப மகன், ரெண்டு தவணையும் ஏட்டுப் படிப்பு. மூணாவதுதான் கடையா?"

"ஓம் வாப்பா. நம்மட கடையத்தான் செய்யப் போறன்."

"கருவாட்ட மணந்து பாக்காம யாரு வாங்குவா?" என்று சிரித்தார். பிறகு, "அந்த ஒரு பிடிய எங்க போடுவ?" என்றார்.

அப்போதே அவருக்கு நெஞ்சு வருத்தம், மருந்தில்தான் இருந்தார். பட்டம் கிடைப்பதைவிட, அந்தக் கடையை அவர் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. அதனால் ஒவ்வொரு ஓடரிலும் எடைக்கு மேல் கொஞ்சம் சேரும்படி நிரல் எழுதினேன். விரிவுரையாளர் நல்ல மனுசி. திரையைப் பார்த்து, கையிருப்புக் கணக்கில் பிழை இருக்கிறது என்றார். பிழையில்லை, எங்கள் வழக்கம் என்றேன்.

"தள்ளுபடியா? எத்தனை வீதம்?"

"ஒரு கைப்பிடி."

"யாருடைய கை?" என்று உண்மையாகவே கேட்டார்.

அந்த வாரம் ஊரில் என் அண்ணன், நானா, தன் கைபேசியைப் பிடித்திருக்க, வாப்பா தன் விரலாலேயே முதல் ஓடரைப் போட்டார். நெத்தலிக் கருவாடு ஒரு கிலோ, என் அறை முகவரிக்கு. "ஒனக்குத்தான் மகன். ஒரு பிடி கூட வருதான்னு பாரு," என்றார். திரையில் பார்த்து, வருகிறது என்றேன். அவ்வளவு சந்தோசம் அவருக்கு.

செயற்றிட்டம் முடியுமுன் ஒரு காலையில் நானா அழைத்தார். "வாப்பா மௌத்தாயிட்டாங்க. அஸருக்குப் பொறகு அடக்கம்." மையித்தைக் காக்க வைப்பது எங்கள் முறையல்ல. எந்த விமானம் பின்னேர அஸர் தொழுகைக்குள் போய்ச் சேரும்? நானா கைபேசியை மையவாடியில் பிடித்திருந்தார். மண் விழும் சத்தத்தை நான் இந்த அறைக் கட்டிலில் இருந்து கேட்டேன். கதறி அழக்கூட முடியவில்லை, பக்கத்து அறையில் ஆட்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இயக்கிக் காட்டும் நாளுக்கு முன், பரிசோதனைக்குப் போட்ட ஓடர்களை எல்லாம் அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன், ஒன்றைத் தவிர. பட்டமும் கிடைத்துவிட்டது. இன்றும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அது அப்படியே இருக்கிறது. அனுப்புபவர் மாம்புரியில், பெறுபவர் இங்கே. நெத்தலி ஒரு கிலோ, மேலே ஒரு பிடி, வந்துகொண்டிருக்கிறது.