கொள்ளிடத்துக்கு அக்கரையில் இட்லி

பங்குனியில் திருவையாற்றிலிருந்து சமயபுரத்துக்கு நடப்போம். எந்த வழியில் போவது, சாப்பாட்டு வண்டி எங்கே நிற்பது, பெண்கள் ஒதுங்க எங்கே வசதி என்பதையெல்லாம் வருடாவருடம் நான்தான் முடிவு செய்வேன். இந்த வருடம் என் கொழுந்தனின் மனைவி போனை வைத்துக்கொண்டு மொத்த பிளானையும் போட்டுவிட்டாள். கோயம்புத்தூர்க்காரி. இன்னும் தலைப்பொங்கல்கூட ஆகவில்லை. மாமியார் அவளுக்குக் காபி ஆற்றிக் கொடுத்தார். எனக்கு ஒருநாளும் ஆற்றிக் கொடுத்ததில்லை.

குற்றம் கண்டுபிடிக்கவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது. நாங்கள் நடப்பது கொள்ளிடத்தின் இக்கரையில்; காலை டிபனோடு குட்டியானை வண்டி நிற்பது அக்கரையில். பக்கத்தில் பாலமே கிடையாது.

“இட்லிக்கு நீந்திக்கிட்டுப் போகணுமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“பங்குனியில ஆத்துல தண்ணி ஏதுங்க்கா? மணல்ல குறுக்கே நடந்துரலாம். வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டா காலுக்கும் இதமா இருக்கும்” என்றாள்.

மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள் நான்.

நடைப்பயணத்தில் அந்த விடியற்காலை மணலில் இறங்கியதும், “அப்பாடா, என்ன சுகம்!” என்றார்கள் எல்லோரும். எனக்கு மட்டும் சுட்டது.