வாரத்துக்கு ஒரு குவளை

நகரத் தோட்டத் துறையில், எந்தத் தெருவுக்கு எந்த மரம் என்று தேர்ந்தெடுப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறாள். அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘பட்டினி’. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வது அவள் காதில் விழாமலும் இல்லை.

பெயருக்குக் காரணம் அலுவலக மொட்டைமாடி. கோடை தொடங்கியதும் நாற்றுத் தொட்டிகளைக் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்துவிடுவாள். வாரத்துக்கு ஒரு குவளை தண்ணீர். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. மூன்று மாதம் கழித்து எது உயிரோடு நிற்கிறதோ அதுதான் தெருவுக்குப் போகும். வெயில் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது. தெருவில் எந்தக் கன்றையும் யாரும் மடியில் வைத்து வளர்க்கப் போவதில்லை.

இந்த வருடம் மரம் நட முறை வந்தது கொழுந்தன் குடியிருக்கும் தெருவுக்கு. அங்கிருந்த பூமரங்கள் போன கோடையில் நின்ற இடத்திலேயே கருகிவிட்டன. அதே பூமரம்தான் வேண்டும் என்று கொழுந்தன் தெருவையே கூட்டி மனுக் கொடுத்தான். அவள் மனதில் இருந்ததோ சாம்பல் பூத்த சின்ன இலை மரம். அண்ணி நடப்போவது மரமில்லை, விளக்குமாறு என்று அவன் சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லி வந்தான். தம்பியா பெண்டாட்டியா என்று புருஷன் மதில்மேல் பூனையாக இருந்தார்.

மூன்று மாதம் முடிந்து மேலதிகாரியோடு மாடி ஏறினாள். ஆறு வகையில் நான்கு செத்திருந்தன. சின்ன இலை மரம் பிழைத்திருந்தது. பக்கத்தில் பூமரம் தளதளவென்று நின்றது.

“அப்புறமென்ன, தெரு கேட்டதையே குடுத்துடலாமே” என்றார் அதிகாரி.

அவள் குனிந்து பூமரத் தொட்டியைப் பார்த்தாள். மண் காய்ந்திருந்தால் தொட்டியின் ஓரத்தை விட்டு விலகியிருக்க வேண்டும், இதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடித்துளை அருகே பாசி. மாடிச் சாவி அவளை விட்டால் அலுவலக எழுத்தரிடம்தான் உண்டு. எழுத்தர் வேறு யாருமில்லை, கொழுந்தன் மனைவி.

கூப்பிட்டதும் ஓர்ப்படி வந்தாள். மறுக்கவில்லை. மதியம் சாப்பிட்டபின் பாட்டிலில் மிஞ்சிய தண்ணீரைத் தினமும் ஊற்றியதாக அதிகாரி முன்னாலேயே சொன்னாள்.

“வாடுறத வேடிக்கை பாக்க நான் என்ன நீங்களாக்கா?”

அதிகாரி சிரித்தார். இரக்கத்தைக் குற்றம் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. அந்த இரக்கம் ஒரே தொட்டியோடு நின்றுவிட்டதையும், பக்கத்தில் காய்ந்து செத்த நாலும் ஓர்ப்படியின் கண்ணில் படாததையும் அவர் யோசிக்கவில்லை.

அவள் கோப்பில் பூமரத்தின் பெயரையே எழுதினாள். ‘பராமரிப்பவர்’ என்ற இடத்தைக் காலியாக விட்டு, ஓர்ப்படியிடம் நீட்டினாள்.

“இருநூறு குழி. ஒண்ணொண்ணுக்கும் தினம் ஒரு பாட்டில். லீவு கெடையாது. கையெழுத்தப் போடு.”

ஓர்ப்படி பேனாவைத் தொடவில்லை. அதிகாரி அதை எடுத்துப் பூமரத்தின் பெயரை அடித்துவிட்டார்.

சின்ன இலை மரங்களை நட்டார்கள். மூன்றாம் நாள் கொழுந்தன் வாசலில் இருந்த கன்று முறிந்து கிடந்தது. அவள் புகார் செய்யவில்லை, அந்த வீட்டுப்படியும் ஏறவில்லை. அதே குழியில் இன்னொன்றை நட்டாள். அதுவும் முறிந்தது. இப்போது நிற்பது ஐந்தாவது. வாரம் ஒருமுறை குவளையோடு வருகிறாள். அந்த வீட்டுக் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்ட பிறகு, நிதானமாக ஊற்றுகிறாள்.