அக்காவுக்கு ஒரு சாணைக்கல்

காலை ஏழு மணிக்குச் செகந்திராபாத்தில் இறங்கியபோதே எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சென்னையிலிருந்து இரவு முழுக்க ரயிலின் மேல் படுக்கையில் புரண்ட பலன். ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கும் அக்கா ஐடிக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறாள். அத்தான் இறந்த பிறகு வீட்டுக்கு அதுதான் வருமானம். "கத்தியெல்லாம் மொக்கையாப் போச்சுடா தம்பி. அழுத்தி வெட்டி மணிக்கட்டு வலிக்குது. நல்ல கல்லா ஒண்ணு வந்து பாத்துக் குடு" என்று போனில் சொல்லியிருந்தாள். உளி தீட்டியே பிழைக்கிற தச்சன் நான். எப்படி மறுப்பது?

பத்து மணிக்கு அவள் கத்தி ஒன்றை நாளிதழில் சுற்றி, வெட்டிப் பார்க்க நாலு தக்காளியும் எடுத்துக்கொண்டு உப்பலுக்கு ஆட்டோ பிடித்தேன். அங்கே ஒரு இரும்புக் கடையில் இரண்டு கற்கள் காட்டினார்கள். சொரசொரப்பான கறுப்புக் கல் நூற்றெண்பது ரூபாய். என் உளிக்குச் சரி, அக்காவின் மெல்லிய கத்தியை ரம்பமாக்கிவிடும். இன்னொன்று வெள்ளைக் கல், எண்ணாயிரம் நம்பர், கண்ணாடிபோல வழவழப்பு. நம்பர் கூடினால் உசத்தி என்று நம்புகிறவர்களுக்காகவே அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மழுங்கிய கத்தியை அதில் நாளெல்லாம் தேய்த்தாலும் பளபளக்கும், வெட்டாது. வெறுங்கையோடு வெளியே வந்தேன்.

நாச்சாரத்தில் கிடைக்கும் என்றார்கள். வெயிலுக்குப் பயந்து மெட்ரோ ஏறப் போனால், பையைச் சோதித்த காவலர் கத்தியைப் பார்த்துவிட்டார்.

"சாக்கு நக்கோ சார். கத்தியோட உள்ள விடமாட்டோம். ஆட்டோல போங்க."

தக்காளியையும் எடுத்துக் காட்டினேன். மனிதர் மசியவில்லை. மறுபடி ஆட்டோ, நூற்றிருபது ரூபாய், வழியெல்லாம் லாரிப் புகை. கல்லும் வேண்டாம் கத்தியும் வேண்டாம், எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

நாச்சாரத்தில் தொழிற்சாலைகளுக்குக் கருவி விற்கும் கடை. முதலாளியின் தாத்தா ரயில்வே பட்டறை வேலைக்காக அரக்கோணத்திலிருந்து வந்தவராம். "ஹவ் சார், ஆமா, நாங்களும் தமிழ்தான்" என்று ஸ்டூல் போட்டார். "எண்ணெய் நக்கோ, வேணாம். இது தண்ணிக் கல்லு. ஊறணும், கொஞ்சம் உக்காருங்க."

கல் வாளியில் ஊற, நான் ஸ்டூலில் தூங்கி விழுந்தேன். சமையல் கத்திக்குத் தோதான ஆயிரம் நம்பரிலேயே இரண்டு கற்கள். மலிவானது நான் தேய்க்கத் தேய்க்கச் சேறாய்க் கரைந்து நடுவில் குழிந்தது. விலை கூடியது கெட்டியாக நின்றது. அதில் தீட்டிய கத்தியைத் தக்காளி மேல் வைத்தேன். அதன் எடைக்கே தோல் பிளந்தது. அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன். ஆயிரத்து நானூறு ரூபாய்.

மூன்றரை மணிக்கு வீடு. "அழுத்தாதே அக்கா, தானா இறங்கும்" என்று பெருமையோடு கத்தியை நீட்டினேன்.

அவள் இடது கையால் வாங்கினாள். வெங்காயம் கோணல்மாணலாக விழுந்தது.

"ஏன் எடது கைல?"

"வலது கை பிடிக்க மாட்டேங்குது. பொங்கல்லேர்ந்தே."

"போன்ல ஏன் சொல்லல?"

"சொன்னா தொழில விடுன்னுவ. கல்லுன்னா வருவ."

எங்கள் பட்டறையில் கை தளர்ந்தவனை ரம்பத்தின் பக்கம் விடமாட்டோம். வீட்டுக்குப் போ என்போம். அது நல்லதுக்குத்தான். அவளுக்கும் அது தெரியும். விட்டுவிடு என்கிற வார்த்தை எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் விட்டால் என்ன சாப்பிடுவாள்?

ஊர் திரும்ப மாலை ஏழு மணி வண்டிக்கு டிக்கெட் இருந்தது. ரத்து செய்தேன்.

"நாளைக்கு என்ன காய்?"

"பீன்ஸ். நாலு கிலோ."

"எவ்வளவு பொடிசா வெட்டணும்?" என்று கேட்டுவிட்டு, அவள் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டேன்.