இருவருக்கான படகு

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக் கராஜில் நானும் மனைவியுமாக, இருவர் செல்லக்கூடிய மரக் கயாக் படகொன்றைக் கட்டினோம். குளிரில் பைபர்கிளாஸ் துணிக்குப் பூசும் பசை இறுகாது. எனவே கதவிடுக்குகளில் பழைய போர்வைகளைத் திணித்துவிட்டு, புரோபேன் ஹீட்டரை எரியவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

"உது பசை மணம். மாஸ்க்கை இறுக்கிப் போடும்" என்றேன்.

மாஸ்க்கோடேயே சரிந்து விழுந்தாள். கதவைத் திறந்து வெளியே பனிக்குள் இழுத்துப்போனேன். ஹீட்டர் கக்கும் நச்சுவாயுவுக்கு மணமில்லை, எங்கள் மாஸ்க் அதைத் தடுக்காது என்று அம்புலன்ஸில் வந்தவர்தான் சொன்னார்.

உயிர் தப்பினாள். ஞாபகம் முழுதாகத் திரும்பவில்லை.

ஹீட்டரை எறிந்துவிட்டேன். இப்போது கோடையில் மட்டும், கதவை அகலத் திறந்துவைத்துப் பசை பூசுகிறேன். அவள் வாசலில் நின்று பார்ப்பாள்.

"உது ஆருக்குக் கட்டுறியள்?"

"எங்கள் ரெண்டு பேருக்கும்தான்."

சிரிப்பாள். சற்று நேரத்தில் மறுபடி கேட்பாள்.