காந்திபுரத்து நேயர்

இன்று மதியம் எங்கள் சமுதாய வானொலிக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மைசூர்பா பெட்டி. சம்பளமில்லாமல் நிலையத்தை நடத்தும் எங்களைப் பார்க்க இதுவரை யாரும் இனிப்போடு வந்ததில்லை. அப்போதே எனக்கு உறுத்தியது.

“ஏனுங்க அம்மணி, நமக்குக் காந்திபுரமுங்க. காலையில காப்பி குடிக்கறப்ப உங்க ரேடியோ ஓடலீன்னா எனக்குப் பொழுதே விடியாதுங்க.”

சந்தோஷம் என்றேன்.

“மைக்கெல்லாம் பழசாட்ட இருக்குதுங்க. புதுசு வாங்கிக் குடுத்துப்போடறனுங்க.”

ரொம்ப சந்தோஷம் என்றேன்.

“அப்பறம், கெணத்துல சாயத்தண்ணி கலக்குதுன்னு போன்ல ஒரு அம்மா அழுதாங்கல்லங்க? அவங்க தோட்டம் எங்கீங்க இருக்குது? பாவம், ஏதாச்சும் உதவலாம்னுதான்.”

சாயப்பட்டறைக்காரர்கள் தேடிப் போய்விடக் கூடாதென்று, அந்த அம்மாவின் பெயரையும் ஊரையும் நாங்கள் வேண்டுமென்றேதான் ஒலிபரப்பவில்லை. “தெரியலீங்க” என்று சொல்லி, மைசூர்பாவையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டேன்.

விஷயம் என்னவென்றால், எங்கள் ஒலிபரப்பு சென்னிமலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மட்டும்தான் எட்டும். பெருந்துறை தாண்டினாலே வெறும் இரைச்சல். இன்டர்நெட்டிலும் எங்கள் ஒலிபரப்பு வராது. காந்திபுரத்துக்காரர் காப்பியோடு கேட்க வேண்டுமென்றால், நான் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் அவர் வீட்டு வாசலில் நின்றுதான் பேச வேண்டும்.

ஆக, இங்கே நம் ஊரிலேயே யாரோ அவருக்காக ரேடியோவைப் போட்டுக் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

கேட்டுச் சொன்ன அந்த உள்ளூர் நேயரே, இந்தப் பதிவையும் நீங்கள் கட்டாயம் படிப்பீர்கள். நிகழ்ச்சி புடிச்சிருந்துச்சுங்களா?